தொங்கலில் முறுக்கிய நட்டு

எனக்கு வாய் நீளம். இதை மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். கோபம் வந்தால் எடுத்தேன் கவிழ்த்தேன் என்றுதான் பேசுவேன். பேசி முடித்து, தண்ணீர் குடித்து, உட்கார்ந்த பிறகுதான் யாரிடம் பேசினேன் என்பதே உறைக்கும். அந்த வாய்தான் என் தம்பிக்குக் கிடைக்க இருந்த பட்டறைக்குக் குறுக்கே போய் விழுந்தது. எனக்கு அவன் ஒரே தம்பி. இருபத்திரண்டு வருடம் ரெம்பாவில் ஒரு சீனத் தௌக்கேயின் பட்டறையில் காடிகளுக்கு, அதாவது கார்களுக்கு, அடியில் படுத்துக் கிடந்தவன். அந்த முதலாளியின் பிள்ளைகள் யாருக்கும் எண்ணெய்க் கையோடு திரிய விருப்பமில்லை. அதனால் "இன்னும் ஒரு வருஷம், அப்புறம் நீயே நடத்து" என்று தம்பியிடம் சொல்லியிருந்தார். அந்தப் பட்டறையைத் தவிர வேறு எதற்கும் அவன் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

எல்லாம் எங்கள் பழைய காடியின் முன்பக்கம் இரண்டு விரல் உயரமாக நின்றதில் ஆரம்பித்தது.

அந்தக் காடிக்கு இருபது வயதுக்கு மேல் ஆகிறது. என் வீட்டுக்காரர் தோட்டத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் வாங்கியது. பெடாசைத் தாண்டி, செம்பனைக்கு நடுவே செம்மண் பாதையில் இரண்டு கிலோமீட்டர் உள்ளே வந்தால்தான் எங்கள் வீட்டு வரிசை. பழக்குலை ஏற்றும் லாரிகள் போய்ப் போய் அந்தப் பாதை முழுக்கக் குழி. அதில் தினமும் இரண்டு தடவை அடி வாங்கி, காடியின் முன்பக்கம் தொய்ந்து, குழியில் விழும்போதெல்லாம் டொக்கு டொக்கு என்று சத்தம் போட ஆரம்பித்தது. நான் நீலாயில் ஒரு மாணவர் விடுதிச் சமையல்கட்டில் வேலை செய்கிறேன். விடிவதற்குள் கிளம்ப வேண்டும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஹைவே ஏற எனக்குப் பயமாக இருந்தது.

காடியைச் சரி பண்ண அதைவிடப் பெரிய காரணம் என் வீட்டுக்காரர். போன வருடம் சர்க்கரையால் அவருக்கு இடது கால் போயிற்று, முழங்காலுக்குக் கீழே. இப்போது பொய்க்கால் போட்டிருக்கிறார். வாரத்துக்கு இரண்டு தடவை அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். பின் சீட்டில் உட்காருங்கள், இடம் தாராளமாக இருக்கும் என்றால் கேட்க மாட்டார். "பின்னால உக்காந்து போறதுக்கு நான் என்னா பொணமா?" என்பார். முன் சீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, கதவைப் பிடித்துக்கொண்டு, பொத்தென்று உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் உள்ளே இழுத்துக்கொள்வார். சீட்டு எந்த உயரத்தில் இருக்கிறது என்பது அவர் உடம்புக்கே தெரியும், பார்த்துக்கூட உட்கார மாட்டார்.

ராகு காலத்தைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். முதலில் அவருக்குக் கால் கட்டைவிரலில் சின்னப் புண்தான் இருந்தது. அதைக் காட்டுவதற்கு நாங்கள் வீட்டை விட்டுக் கிளம்பியது ஒரு வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு. நல்ல ராகு காலம். "புண்ணுக்கு என்னா ராகு காலம், எடு காடிய" என்றார். நானும் எடுத்தேன். விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை எடுத்தார்கள், பிறகு முழங்கால் வரைக்கும் எடுத்தார்கள். டாக்டர் சர்க்கரை என்றார். சர்க்கரைதான், எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பதினொரு மணிக்கு நான் சாவியைத் திருகியது என் நெஞ்சை விட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து ராகு காலத்தில் அந்தக் காடியின் சக்கரம் உருளக்கூடாது என்று வைத்துக்கொண்டேன். சொன்னால் சொன்னதுதான்.

தம்பி இதைக் கேலி செய்ததே இல்லை. அதற்கும் ஒரு காரணம் உண்டு. அவன் கட்டியது மாதா கோயில் பெண்ணை. கட்டுவதற்கு முன்னால் ஞானஸ்நானம் வாங்கினான். நான் போகவில்லை. போகாததோடு விட்டேனா? அவன் வாடகை வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டு, அந்தப் பெண்ணின் காதில் விழும்படி, எழுத முடியாததையெல்லாம் பேசினேன். ஒரு வருடம் முகத்தில் முழிக்கவில்லை. அம்மா சாகக் கிடந்தபோதுதான் மறுபடி ஒன்றானோம். அப்போது நான்தான் சட்டம் போட்டேன். "என் வீட்டுல நீ சாமி விஷயம் பேசாத. உன் வீட்டுல நானும் பேச மாட்டேன். அவ்ளோதான்." அவன் தலையாட்டினான். அதற்குப் பிறகு ஒரு நாளும் அதை மீறவில்லை. தீபாவளிக்கு வருவான், முறுக்கைக் கடித்துக்கொண்டு சாமி மேடைப் பக்கம் காலை நீட்டாமல் உட்கார்ந்திருப்பான், போய்விடுவான்.

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. தௌக்கேயிடம் அரை நாள் கேட்டுக்கொண்டு தம்பி எட்டு மணிக்கே மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டான். முன்பக்கத்துக்குப் புது ஸ்பிரிங், புது அப்சோர்பர், சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகளுக்குப் புது ரப்பர் புஷ், எல்லாம் ஒரு பெட்டியில் கொண்டுவந்தான். ஜாக்கி வைத்துத் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்துவிட்டு அடியில் நுழைந்தான். என் வீட்டுக்காரர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, லாரிக்காரக் காலத்துக் கதையெல்லாம் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் உள்ளே நெத்திலிச் சம்பல் செய்துகொண்டிருந்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அன்றைக்கு எனக்கு மனசு அவ்வளவு நிறைவாக இருந்தது.

"அக்கா, காடிய இறக்கப் போறேன்" என்று வெளியிலிருந்து குரல் கேட்டது. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பதினொன்று. ஈரக் கையோடு ஓடினேன்.

"டேய் டேய், இறக்காத!"

"என்னாக்கா?"

"மணி என்ன இப்ப? வெள்ளிக்கிழம. பன்னெண்டு வரைக்கும் சக்கரம் தரையில படக்கூடாது."

அவன் அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினான். "நட்டெல்லாம் இன்னும் டைட் பண்ணலக்கா. தரையில இறக்கி, காடி வெயிட்டு விழுந்தப்புறம்தான் பண்ணணும்."

"நட்டு நட்டுதான? எங்க வச்சு முடுக்குனா என்னா? மேலயே வச்சு முடுக்கு."

"அப்படி இல்லக்கா..."

"என்னா அப்படி இல்ல? அவரு கால் போனத நீ பாக்கலியா? உனக்கு அது வெளையாட்டா இருக்கா?"

அவன் அடியிலிருந்து முழுக்க வெளியே வந்து உட்கார்ந்தான். பிறகு, "பன்னெண்டரைக்கு ஒரு கஸ்டமர் வர்றாரு. தௌக்கே தனியா இருக்காரு. நான் பன்னெண்டு வரைக்கும் உக்காந்திருக்க முடியாதுக்கா" என்றான்.

"அதத்தான்லா நானும் சொல்றேன். இப்பவே முடுக்கிட்டு நீ கெளம்பு. பன்னெண்டு அடிச்சதும் உன் மாமா ஜாக்கிய இறக்கிடுவாரு. லாரியவே இறக்குனவரு, இத இறக்க மாட்டாரா?"

என்னை ஒரு தடவை பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. சரி, இவளோடு மல்லுக்கட்ட முடியாது என்ற அலுப்புதான் இருந்தது. மறுபடி படுத்து உள்ளே போனான். நட்டு முறுகும் சத்தம் கேட்டது. கையைக் கழுவிவிட்டு, சாப்பிடாமலேயே கிளம்பினான். மோட்டாரை உதைக்கும்போது, "ஞாயித்துக்கிழம வந்து ஒரு தடவ பாத்துடுறேன். அது வரைக்கும் ரொம்ப ஓட்டாதக்கா" என்றான். போடா போ, சம்பலை டப்பாவில் போட்டுத் தருகிறேன், எடுத்துக்கொண்டு போ என்றேன். அவன் சொன்னது என் மண்டையில் ஏறவில்லை.

பன்னிரண்டு அடித்தது. அவர் ஜாக்கியை இறக்கினார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, காடியை நகர்த்தினேன். டொக்கு சத்தம் நின்றிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மறுநாள் காலையில்தான் பார்த்தேன். கோபித்துக்கொண்டவளைப் போல காடி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது. முன் சக்கரத்துக்கும் மேலே இருக்கும் தகட்டுக்கும் நடுவில் முன்பெல்லாம் மூன்று விரல்தான் நுழையும். இப்போது விரல்களைச் சேர்த்து வைத்தால் முழுக்கையும் நுழைந்தது. புதுசு இல்லையா, ஓட்ட ஓட்டப் படிந்துவிடும் என்றார் அவர். நான் நீலாய்க்குப் போய் வந்தேன். படியவில்லை. எதிரில் வருகிறவர்கள் எல்லாரும் என் விளக்கு கண்ணில் அடிக்கிறது என்று லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்தார்கள். அதற்குள் பக்கத்து வீட்டு ஆள், "இது வேற காடி ஸ்பிரிங்கா இருக்கும்லா, ஒடச்ச காடிக் கடையில எடுத்திருப்பான்" என்று சொல்லி வைத்தார். எனக்குச் சுருக்கென்றது. சொந்த அக்காளுக்கு எதையோ பழசைப் போட்டு ஒப்பேற்றிவிட்டானே என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு தம்பி வந்தான். கையில் இரண்டே இரண்டு ஸ்பேனர்.

"ரெண்டு நிமிஷ வேலைக்கா. லூஸ் பண்ணி மறுபடி டைட் பண்ணா இறங்கிடும்."

"ரெண்டு நிமிஷத்துல ஸ்பிரிங் மாத்துவியா நீ? யாரு காதுல பூ சுத்துற? எந்தக் காடி ஸ்பிரிங்குடா அது?"

"ஸ்பிரிங் சரியான ஸ்பிரிங்தான்."

"அப்ப ஏன் இப்படி நிக்குது? சொல்லு."

அவன் சாமி மேடை இருக்கும் பக்கம் ஒரு பார்வை பார்த்தான், கீழே பார்த்தான், ஸ்பேனரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். பதில் சொல்லாமல் நிற்கிறவன் தப்பு பண்ணியவன் என்று முடிவு கட்டினேன். "இனிமே என் காடியில கை வைக்காத" என்றேன். போய்விட்டான். அவன் போனதும் என் வீட்டுக்காரர், "அவனைப் பண்ண விட்டிருக்கலாம்" என்றார். அவருக்கும் இரண்டு வார்த்தை கிடைத்தது.

பிடிவாதத்தில் அப்படியே ஓட்டினேன். பெடாசில் ஒரு மலாய்க்கார மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஸ்பிரிங் சரிதான் அக்கா, இந்தக் காடிக்கு உள்ளதுதான். வேற என்னமோ இருக்கு, விட்டுட்டுப் போங்க, பாக்குறேன்" என்றார். இவர்கள் எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் காட்டிக்கொடுக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு காடியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் அவர் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். வழக்கம்போல முதுகைக் காட்டி நின்று, கதவைப் பிடித்துப் பொத்தென்று உட்கார்ந்தார். அவர் குட்டையான ஆள். அவர் உடம்புக்குப் பழகிய இடத்தில் சீட்டு இல்லை. விளிம்பில் பட்டு, வழுக்கி, பொய்க்கால் ஒரு பக்கம் மடங்க, செம்மண்ணில் உட்கார்ந்த வாக்கில் விழுந்தார். வலி அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் அதைவிட, பக்கத்து வீட்டு ஆட்கள் ஓடி வந்து கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கியபோது அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நாற்பது டன் லாரியை ஒரு கையால் திருப்பிய மனுஷன்.

இடுப்பில் அடிதான், எலும்புக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். அவரை வீட்டில் படுக்க வைத்துவிட்டு நேராக ரெம்பாவுக்குக் காடியை விட்டேன். பட்டறையில் நாலைந்து கஸ்டமர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். தௌக்கே கல்லாவில் இருந்தார். தம்பி ஒரு காடிக்கு அடியில் இருந்தான், கால் மட்டும் தெரிந்தது.

"தௌக்கே! வெளிய வந்து பாருங்க! உங்க ஆளு எனக்குப் போட்ட ஸ்பிரிங்க வந்து பாருங்க! கூடப்பொறந்த அக்காவுக்கே இப்படிப் போட்டவன், ஊரான் காடிக்கு என்னா போடுவான்? இவன நம்பியா கடையக் குடுக்கப் போறீங்க?"

அந்தக் கடைசி வார்த்தை எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வந்துவிட்டது. ஒரு கஸ்டமர் எழுந்து தன் காடியைப் பார்த்தார். தௌக்கே வெளியே வந்து, முன் சக்கரத்தின் மேல் கையை வைத்துப் பார்த்து, தம்பியிடம் மலாயில் என்ன இது என்று கேட்டார். தம்பி எழுந்து நின்றான். கையைத் துணியில் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான்.

"சாலா சயா, தௌக்கே" என்றான். என் தப்புதான் என்று அர்த்தம். "ஸ்பிரிங் மாத்தி எடுத்துட்டேன்."

பார்த்தீர்களா, ஒத்துக்கொண்டான் என்று எனக்கு உள்ளே ஒரு வெற்றி. கேவலம், அப்படித்தான் இருந்தது. அந்த வாரமே தௌக்கே அவனைக் கொஞ்ச நாள் வேறு எங்கேயாவது வேலை பார்க்கச் சொல்லிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அவன் நீலாய்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சாமான் ஏற்றுகிற வேலைக்குப் போய்ச் சேர்ந்தான். நான் சமைக்கிற விடுதியிலிருந்து அந்தத் தொழிற்சாலையின் கூரை தெரியும். இரண்டு மாதம் தினமும் அந்தக் கூரையைப் பார்த்தேன். ஒரு நாளும் அந்தப் பக்கம் போகவில்லை.

அதற்குள் முன் டயர்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டன. நீலாயில் ஒரு டயர் கடையில் மாற்றக் கொடுத்தேன். சக்கரக் கோணம் பார்க்கும் மேடையில் ஏற்றினார்கள். மேடைக்கு அடியில் நின்று பார்த்த மலாய்க்கார ஆள் என்னைக் கூப்பிட்டார். இரும்புக் கையின் முனையைக் காட்டினார். அந்த ரப்பர் புஷ் முறுகி, ஓரத்தில் கீறல் விட்டிருந்தது.

"அக்கா, இத யாரு காடி தொங்கும்போது முடுக்குனது?"

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். இந்த ரப்பர் அந்த இரும்புக் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது முடுக்கினால், தொங்கும் நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். பிறகு காடியைத் தரையில் இறக்கினால், பிழிந்த துணி மாதிரி ரப்பர் முறுகி நின்று, திரும்பிப் பழைய நிலைக்குப் போகத் துடித்து, முன்பக்கத்தை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் சக்கரம் தரையில் நின்று, காடியின் பாரம் முழுவதும் விழுந்த பிறகுதான் அந்த நட்டை முடுக்க வேண்டும்.

"இது ரிப்பேர் படிக்க வர்றவனுக்கு மொத வாரமே சொல்லிக் குடுக்குறது" என்றார்.

சக்கரம் மேடையில் நின்றபடியே இருக்க, நாலு நட்டைத் தளர்த்தினார். காடியின் முன்பக்கத்தைக் கையால் இரண்டு தடவை அமுக்கினார். ரப்பர் கிறீச் என்று ஒரு சத்தம் போட்டது. என் கண் முன்னால் காடி இறங்கி உட்கார்ந்தது. விரல் வைத்துப் பார்த்தேன். மூன்று விரல். கூட ஒரு நூல் அளவு இருக்கலாம். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. புஷ் கிழிய ஆரம்பித்துவிட்டது, சீக்கிரம் மாற்றிவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை. அந்த மேடைக்குப் பக்கத்தில் கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். நட்டு நட்டுதான? எங்க வச்சு முடுக்குனா என்னா? என் குரலே என் காதில் கேட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

அவன் ஏன் சொல்லவில்லை என்பதும் அங்கேயே விளங்கிவிட்டது. "உன் ராகு காலத்தாலதான்க்கா" என்று அவன் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? வேதக்காரன் என் சாமியைப் பழிக்க வந்துவிட்டான் என்று ஊரைக் கூட்டியிருப்பேன். சாமி விஷயம் பேசாதே என்று சட்டம் போட்டவள் நான். அவன் அந்தச் சட்டத்துக்குள் நின்றுகொண்டு, பேசாமல் இரண்டு நிமிடத்தில் சரி செய்துவிட்டுப் போகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கிறான். பட்டறையில் அத்தனை பேர் முன்னாலும் என்னைச் சிரிப்புக்கு இடமாக்காமல் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறான்.

அந்தத் தொழிற்சாலை அங்கிருந்து ஐந்து நிமிட ஓட்டம். ஷிப்டு முடியும்வரை வாசலில் நின்றிருந்தால் அவனைப் பார்த்திருக்கலாம். வெறுங்கையோடு எப்படி அவன் முகத்தில் முழிப்பது என்று நினைத்தேன். முதலில் தௌக்கேயிடம் போய் உண்மையைச் சொல்வோம், பட்டறையை அவனுக்கே திருப்பி வாங்கிக் கொடுப்போம், அதைக் கையில் வைத்துக்கொண்டு தம்பியிடம் போவோம் என்று கணக்குப் போட்டேன். மறுபடியும் நேராக ரெம்பாவுக்குக் காடியை விட்டேன்.

அன்றைக்கும் கஸ்டமர்கள் இருந்தார்கள். இருக்கட்டும், அன்றைக்குக் கத்தியதை இன்றைக்கும் அதே குரலில் சொன்னால்தான் நியாயம் என்று வாசலில் நின்றே சொன்னேன்.

"தௌக்கே, என் தம்பி மேல தப்பு இல்ல! ஸ்பிரிங் சரியான ஸ்பிரிங்தான். காடி தொங்கும்போதே நட்ட முடுக்கச் சொன்னது நான்தான். அவன் தரையில இறக்கித்தான் பண்ணணும்னு சொன்னான். ராகு காலம், இறக்காதன்னு நான்தான் சத்தம் போட்டேன். அவனுக்கு எல்லாம் தெரியும் தௌக்கே, எனக்காகத்தான் அப்படிப் பண்ணான்!"

தௌக்கே கண்ணாடியைக் கழற்றினார். தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகி அவருக்குத் தமிழ் வரும், உடைந்த தமிழ்.

"அவனுக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும் தௌக்கே."

"தொங்கும்போது முடுக்கக் கூடாது, தெரியும். தெரிஞ்சு முடுக்கினான்?"

"நான் சொன்னேன் தௌக்கே. அக்கா சொல்லத் தட்ட மாட்டான்."

அவர் கண்ணாடியைச் சட்டை முனையால் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எனக்கு அவன், ஸ்பிரிங் மாத்தி எடுத்தேன்னு சொன்னான். அது தப்பு. தப்பு எல்லாரும் பண்றது, நானும் பண்றது. சீனப் பெருநாள் முடியட்டும், கூப்பிடலாம்னு இருந்தேன். இப்ப நீ சொல்றது வேற. நாளைக்கு ஒரு கஸ்டமர் வந்து, பிரேக்கு இப்ப வேணாம், சும்மா மூடிக் குடுன்னு சத்தம் போட்டா? தெரிஞ்சே மூடிக் குடுப்பானா?"

"ஐயோ, அவன் அப்படிப்பட்டவன் இல்ல தௌக்கே!"

"உன் வீட்டுக்காரர் ஒரு காலோட ஏறுற காடி அது" என்றார். "அதுலயே அவன் பேசாம முடுக்கினான்."

கெஞ்சினேன். அழுதேன் என்றும் சொல்ல வேண்டும், அத்தனை பேர் முன்னாலும் அழுதேன். அவர் கோபமாகக்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்தத் தண்ணீரைக் குடிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தம்பி அந்த ஒரு பொய்யில் தன் பட்டறையைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறான். நான் போய் உண்மையைச் சொல்லி அதை அழித்துவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணி இருக்கும். அரிசி களைந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. தம்பியின் நம்பர். இரண்டு மாதத்துக்குப் பிறகு.

"தௌக்கே கூப்பிட்டாரு" என்றான். குரலில் சூடே இல்லை. "கடைய வேற ஆளுக்குக் குடுக்குறதா முடிவு பண்ணிட்டாராம். நடந்ததெல்லாம் சொன்னாரு."

"தம்பி, நான் உனக்கு நல்லது பண்ணணும்னுதான்டா போனேன். மாதா மேல சத்தியமா." என் வாயில் அவன் சாமி எப்படி வந்தது என்று தெரியவில்லை.

அந்தப் பக்கம் லாரி பின்னால் எடுக்கிற பீப் பீப் சத்தம் கேட்டது. அது நிற்கும்வரை காத்திருந்தான்.

"தெரியும். நல்லதுக்குத்தான் போயிருப்பீங்க" என்றான். "காடி இறங்கிடுச்சில்ல? மாமா இனிமே ஒழுங்கா ஏறி உக்காருவாருல்ல?"

"உக்காருவாருடா."

"அது போதும். அந்த புஷ் மட்டும் மாத்திடுங்க. இனிமே எனக்காக எங்கயும் போய்ப் பேசாதீங்க. வச்சுடுறேன்."

போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அங்கிருந்தே கேட்டார். "யாரு, தம்பியா?"

"ஆமா."

"என்னா சொன்னான்? வர்றானாமா?"

"என்ன நீங்க போங்கன்னு பேசுறான்" என்றேன். நாற்பத்தைந்து வருடத்தில் அவன் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவர் டிவியை அணைத்தார்.